கழுவிய மணல்

பிஸ்டோயா, இத்தாலி
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு

அன்புள்ள லீவியோ அண்ணாவுக்கு,

வீட்டில் மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை, நியூசிலாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மா முதல் வரியில் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். இது அம்மாவின் கடிதம், அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். கண்ணில் புரை முற்றியதிலிருந்து அவளுக்கு எழுத்து தெரிவதில்லை, ஆளையே நடையின் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாள், அக்டோபரில் அறுவைச் சிகிச்சைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போனில் பேசினால் என்ன என்று நீ கேட்பாய். போனை எடுத்தால் அம்மா அழுகிறாள், எனக்குப் பேச்சு வராது, அப்பா உன் குரல் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுகிறார். அதனால் காகிதம்தான். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இவ்வளவு நீளமாக நான் எதுவும் எழுதியதில்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். அம்மா எதிரில் உட்கார்ந்து பீன்ஸ் உரிக்கிறாள், நடுநடுவே அடுப்பைப் பார்க்க எழுந்து போகிறாள், அப்போதெல்லாம் என் பங்குக்கும் கொஞ்சம் எழுதிக்கொள்கிறேன்.

முதலில் ஒரே ஒரு இலைதான் அண்ணா. மே மாதத்தில் ஒரு காலை, வெயில் படுவதற்கு முன்பே, கமேலியாப் பூச்செடி வரிசையில் ஒன்றின் உச்சி இலை தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின மாலை தண்ணீர் விட்டது நான்தான். சட்டியில் விரலை விட்டுப் பார்த்தேன், மண் ஈரமாகவே இருந்தது. ஈரத்தில் நின்றுகொண்டு தாகத்தில் தொங்கும் இலையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெஸ்னிக்கைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் அல்பேனியாவிலிருந்து வந்து நம் நர்சரியில் வேலைக்குச் சேர்ந்தபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய் என்று இப்போதும் எல்லோரிடமும் சொல்வார். குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல பாப்பா, ராத்திரி குடிச்சுட்டு வந்திருக்கும், மத்தியானத்துக்குள்ள தெளிஞ்சிடும்" என்றார். நானும் சிரித்தேன். மத்தியானம் அந்தச் செடி முழுவதும் தொங்கியது. அடுத்த வாரம் அதற்குப் பக்கத்தில் இருந்தவை, பிறகு எதிர் வரிசை. சட்டியிலிருந்து ஒன்றை உருவிப் பார்த்தபோது வேரின் தோல் கையோடு உரிந்து வந்தது, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிச்சம். அப்பா அதை மோந்து பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அந்த வரிசைகள் எல்லாம் அம்மா குச்சி வெட்டி வேர்விட வைத்தவை என்று உனக்குத் தெரியும். கண் நன்றாகத் தெரிந்த காலத்தில் அவள் செய்த கடைசி வேலை அதுதான். ஒவ்வொரு செடியாக வாடும்போது அவளிடம் நாங்கள் சொல்லவில்லை. அவளே வந்து ஒவ்வொரு இலையாகத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

ஜூன் மாதம் செடி நோய் பார்க்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார், நல்ல மாதிரி, அம்மாவிடம் உட்கார்ந்து காபி குடித்தார், வேரையும் தண்ணீரையும் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனார். தண்ணீரோடு நீந்திப் பரவும் வேரழுகல் என்று பதில் வந்தது. கமேலியா முழுவதையும், அதே தண்ணீர் குடித்த மற்ற வரிசைகளையும் விற்கக்கூடாது, எரித்துவிட வேண்டும் என்றார்கள். ஆனால் கோடையில் இங்கே தீ மூட்டத் தடை இருப்பது உனக்கு ஞாபகம் இருக்கும். எரிக்கவும் முடியாது, வைத்திருக்கவும் கூடாது. அதனால் எல்லாவற்றையும் பிடுங்கி வாய்க்கால் ஓரம் குவித்துக் கறுப்புப் பிளாஸ்டிக் போட்டு மூடி வைத்திருக்கிறோம், செப்டம்பரில் தடை நீங்கியதும் எரிக்க வேண்டும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரிகிறது. காற்று அடித்தால் பிளாஸ்டிக் உப்பி எழுகிறது, உள்ளே யாரோ மூச்சு விடுவது மாதிரி இருக்கிறது. அம்மாவுக்கு அது தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். செடிகளைப் பிடுங்கிய அன்று பெஸ்னிக் ஒவ்வொரு சட்டியாக, களை முளைக்காமல் மண்ணின் மேல் போட்டிருந்த தேங்காய் நார் மூடியை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டிருந்தார். களைக்கொல்லி அடிப்பதை நிறுத்திவிட்டு நீ அந்த மூடிகளை வரவழைத்தபோது, செடிக்கெல்லாம் தொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறான் நம்ம லீவியோ என்று அவர்தானே ஊரெல்லாம் சொன்னார். அன்றைக்கும், "முதலாளி, தொப்பியைக் கழட்டி மரியாதையாத்தான் அனுப்பணும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மூடிகளிலும் நோய் இருக்கும் என்று அவையும் குவியலில் போயின. ஜெர்மனிக்குப் போக வேண்டிய லாரி வெறுமனே திரும்பிப் போனது. அந்த ஓட்டுநர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அப்பாவைப் பற்றி எழுதச் சொல்கிறாள் அம்மா. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சட்டிகளில் வடிந்த தண்ணீரை வீணாக்காமல் வாய்க்காலில் சேர்த்து, குளத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து உன் மணல் தொட்டி வழியாக வடிகட்டி மறுபடியும் செடிக்கே விட்டோமே, அதுதான் நோயைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வரிசை வரிசையாக விட்டது என்கிறார். அவர் சொல்வதை இல்லை என்று சொல்லவும் முடியவில்லை, நோய் அந்தத் தண்ணீரில்தான் வந்தது. பக்கத்து நர்சரி நெல்லோவை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ தொட்டி கட்டியபோது வேலியில் சாய்ந்துகொண்டு அப்பாவிடம், "ஓய் ஒர்லாந்தோ, குளிச்ச தண்ணியையே குடிக்கக் குடுக்கிறீங்களே, செடி ஒருநாள் உங்க மூஞ்சியிலயே துப்பப் போகுது" என்றவர். போன வருஷத்துக்கு முந்தின கோடையில் அவர் கிணறு சேறாகிப் போய் நம் குளத்துக்குத்தான் டேங்கர் எடுத்துக்கொண்டு வந்தார், அப்பா டேங்கர் நிறையக் கொடுத்தார். அன்று அப்பாவின் நடையே வேறாக இருந்தது. இப்போது அந்த நெல்லோ வேலிக்கு வந்து, "துப்பிடுச்சு பாத்தியா ஒர்லாந்தோ" என்று ஆரம்பித்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, "சரி விடு, என் மச்சான்கிட்ட பொக்லைன் இருக்கு, எப்ப வேணும்னாலும் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா சொல்லிவிட்டார் அண்ணா. நாளைக் காலை பொக்லைன் வருகிறது. மணல் தொட்டியை உடைத்து மூடப் போகிறார். கிணற்றை இன்னும் ஆழமாகத் தோண்டி, பழையபடி அந்தத் தண்ணீரையே விட்டு, வடிந்ததை ஓடையில் ஓடவிட்டு, வேருக்கு மருந்து ஊற்றி, களைக்கு மருந்து அடித்து, எல்லோரும் செய்வதையே செய்யப் போகிறாராம். கிணறு வருஷா வருஷம் இறங்கிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் சொல்கிறார்.

அது மட்டும் என்றால் அம்மா இவ்வளவு அழமாட்டாள். டிசம்பரில் வந்து இங்கேயே தங்கிவிடப் போவதாக நீ எழுதியதிலிருந்து அப்பா சட்டிக் கொட்டகைக்கு மேலே இருக்கும் அறையை ஒழித்து, சுவருக்கு வெள்ளை அடித்து, ஜன்னலுக்குப் பச்சை அடிக்கப் பாதியில் இருந்தார். ஜூனில் நிறுத்தியதுதான். ஒரு ஜன்னல் பச்சையாகவும் இன்னொன்று பழைய நிறத்திலும் நிற்கிறது. நேற்றுச் சாப்பிடும்போது அம்மா, லீவியோவுக்குக் கடிதம் எழுதட்டுமா என்று கேட்டாள். அப்பா ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எழுதறதா இருந்தா கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்னு எழுது. அவன் படிச்ச படிப்பை அவன் அங்கேயே வெச்சுக் காப்பாத்தட்டும். இங்க காப்பாத்த ஒண்ணும் மிச்சமில்ல" என்றார். அம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். அவர் தொடவில்லை.

இனி அம்மா சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "என் ராசா, அப்பா சொன்னதை மனசில வெச்சுக்காதே. நீ தெரிஞ்சு செய்யல. புதுசா ஒண்ணு படிச்சா செஞ்சு பாக்கணும்னுதான் தோணும், வயசு அப்படி. செடி போனா போகட்டும். என் கண்ணைத் திறந்துவிட்டதும் நான் மறுபடியும் குச்சி வெட்டுவேன். நீ செஞ்சதை நான் மன்னிச்சுட்டேன். அதை நினைச்சுக்கிட்டு சாப்பிடாம கொள்ளாம இருக்காதே. நனைஞ்ச பூட்ஸோட நிக்காதே, ராத்திரி சூடா ஏதாவது குடி." இதை எழுதும்போது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் உன்னிடம் ஏதோ தவறு நடந்திருக்கும் என்று நானும் பாதி நம்பியிருந்தேன் அண்ணா, அதனால் எழுதினேன். அதற்கு அடுத்ததாக அம்மா சொன்னாள்: "இதையும் சேத்துக்கோ இலேனியா. தொட்டி அழுக்கா இருந்துச்சு, அதனாலதான் நோய் வந்துச்சுன்னு ஒருத்தரும் அவனைச் சொல்லிட முடியாது. ஈஸ்டருக்கு முன்னாடி சாமியார் வீட்டை ஆசீர்வதிக்க வர்றார்னு நான் ஜன்னல், அலமாரி, கோழிக்கூடு எல்லாம் கழுவினேன் இல்ல, அப்ப உன் தொட்டியையும் விடலடா ராசா. அப்பாவும் பெஸ்னிக்கும் லாரியோட வெரோனா போயிருந்தாங்க. தண்ணிய வடிச்சுட்டு நானே இறங்கினேன். மேல கையை வெச்சா வழவழன்னு ஒரே பாசி. எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டு, அந்த மணலை வாளி வாளியா ப்ளீச் தண்ணியில அலசி வெயில்ல காய வெச்சேன். பாசி பிடிச்ச தொட்டி மேலயா சாமியார் தீர்த்தம் தெளிப்பாரு? உன் தங்கை ப்ராட்டோவில அத்தைக்குக் கால் ஒடிஞ்சதுன்னு போய் உக்காந்திருந்தா, ஒத்தாசைக்கு ஆள் இல்ல. இருந்தும் ரெண்டு நாள்ல முடிச்சேன். உன் பேர் கெடாம சுத்தமா வெச்சிருந்தேன்னு தெரிஞ்சுக்கோ."

என் பேனா நின்றுவிட்டது. அம்மா பீன்ஸை உரித்துக்கொண்டே காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பினாள். "என்னடி சத்தத்தைக் காணோம், எழுதிட்டியா?" என்றாள். எழுதிட்டேன்மா என்று சொல்லிவிட்டு அதற்குப் பிறகுதான் எழுதினேன். அவள் சமையலுக்கு பாசில் இலை பறித்துவரத் தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன்.

நீ தொட்டி கட்டிய கோடையில் என் கையைப் பிடித்து மணலின் மேல் வைத்தாய், ஞாபகம் இருக்கிறதா. எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கியது, நான் கையை இழுத்துக்கொண்டேன். "பயப்படாதே, இதுக்கு உயிர் இருக்கு. தண்ணியில இருக்கிற நோயைத் தின்னுறது இந்த ஆடைதான், கீழ இருக்கிற மணல் இல்ல. இது காயக்கூடாது, ப்ளீச் படக்கூடாது, தண்ணி இறங்காம அடைச்சுக்கிட்டா மட்டும் ஒரு விரல் அளவு சுரண்டலாம்" என்றாய். அப்பாவுக்கும் பெஸ்னிக்குக்கும் சாப்பாட்டு மேசையில் படம் போட்டுக் காட்டினாய். அப்பா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சரி சரி என்றார். அம்மா உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாஸ்தாவை வடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நீ சொல்லவில்லை அண்ணா. நாங்கள் யாரும் சொல்லவில்லை. தொட்டி ஆண்கள் வேலை, சமையல் அம்மா வேலை என்று இருந்துவிட்டோம். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நிலவறையில் அவளுடைய காடிப் பானை இருக்கிறதே, அதன் மேலே படிந்து ஒயினைக் காடியாக்கும் ஆடையை அவள் எப்படிக் காப்பாற்றுகிறாள், பழைய ஒயினை ஊற்றும்போதுகூட அது கலையாமல் ஓரமாக ஊற்றுகிறாள். அத்தை ஒருமுறை உதவி செய்கிறேன் என்று அந்தப் பானையைப் பளபளவென்று கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள் என்று அம்மா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. லீவியோவின் தொட்டியில் இருப்பதும் அதேதான் அம்மா என்று யாராவது சொல்லியிருந்தால், சாமியார் இல்லை, பிஷப்பே வந்தாலும் அவள் அந்தத் தொட்டியில் ஒரு துணியைக்கூட நனைத்திருக்க மாட்டாள். ஈஸ்டருக்குப் பிறகு அப்பா ஒருநாள் குளத்தங்கரையிலிருந்து வந்து, "இப்பத்தான் தண்ணி சரியா ஓடுது, முன்னெல்லாம் சொட்டுச் சொட்டா வரும்" என்று சந்தோஷமாகச் சொன்னதும் எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. தடுக்க ஒன்றும் இல்லாததால் ஓடியிருக்கிறது.

எல்லாக் கடிதத்தையும் மூடுவதற்கு முன் அம்மா ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்பாள். இந்தப் பக்கத்தை விட்டுவிட்டுப் படித்தால் அவளுக்குத் தெரியப் போவதில்லை. நீ அங்கே தெரிந்துகொள்வாய், பெரிய மனதோடு சும்மா இருந்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். அம்மாவும் இதற்காக அழமாட்டாள், கண் அறுவைக்கு முன்னால் அழக்கூடாது என்று டாக்டர் வேறு சொல்லியிருக்கிறார். ஆனால் நாளைக் காலை தொட்டி போய்விடும். நீ வராமல் இருந்துவிடுவாய். நீ கெடுத்தாய், நான் மன்னித்தேன் என்று அம்மா கடைசி வரை நினைத்துக்கொண்டிருப்பாள். பிறகு எந்த ஈஸ்டரிலாவது யாராவது பேச்சுவாக்கில் சொல்லித் தெரிந்துகொண்டால் அவள் என்ன ஆவாள். என்னால் இதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. வாசலில் செருப்பை உதறுகிறாள்.

இது வரைக்கும் எழுதியதைப் படித்துவிட்டேன் அண்ணா. ஒரு வரியும் விடவில்லை. அம்மா வந்து உட்கார்ந்து, "எங்க, படி" என்றாள். பெஸ்னிக் சொன்ன இடத்தில் சிரித்தாள், ஓட்டுநர் கையைப் பிடித்த இடத்தில் தலையை ஆட்டினாள். அவள் சொன்ன வார்த்தைகள் வந்தபோது சரியாக எழுதியிருக்கிறேனா என்று உதட்டை அசைத்துக்கொண்டே கேட்டாள். பேனா நின்ற இடம் வந்தபோது என் குரலும் நின்றது. "தண்ணி குடிச்சுட்டுப் படி" என்றாள். குடித்துவிட்டுப் படித்தேன். முடித்தபோது அவள் கையில் ஒரு பீன்ஸ் தோல் இருந்தது, அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு, "காடிப் பானையில படியுமே, அந்த மாதிரியா?" என்று கேட்டாள். ஆமாம்மா என்றேன். "அதையா நான் வழிச்சு எடுத்து வாய்க்கால்ல எறிஞ்சேன்?" முட்டியைத் தடவிக்கொண்டாள். "முட்டி வலிக்க வலிக்கத் தேய்ச்சேன்டி. ஒரு மூலையைக்கூட விடலையே. கண்ணு தெரியாட்டி என்ன, கையால தடவித் தடவிப் பாத்தேனே, எங்கயாவது வழவழப்பு மிச்சம் இருக்கான்னு." அதற்குப் பிறகு அழுதாள். நான் எழுந்து பக்கத்தில் போய் நின்றேன், பீன்ஸ் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அது மறுபடியும் படிய எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டாள். தண்ணீர் மெல்ல ஓடிக்கொண்டே இருந்தால் இரண்டு மாதம் ஆகும், அது வரைக்கும் அந்தத் தண்ணீரைச் செடிக்குக் கொடுக்கக்கூடாது, குளத்துக்கே திருப்பிவிட வேண்டும் என்று நீ சொன்னதைச் சொன்னேன். "என் கமேலியாவுக்கு இனி உதவாது" என்றாள். உதவாதும்மா என்றேன்.

அப்புறம் அவள் கேட்டது இதுதான். "மன்னிச்சுட்டேன்னு ஒரு வரி எழுதினியே, அதை அடிச்சிடு. யாரை யார் மன்னிக்கிறது." அடித்தேன். "நல்லா அடிச்சியா? அவனுக்குப் படிக்க வரக்கூடாது" என்றாள். வராதும்மா என்றேன். ஒரே ஒரு கோடுதான் போட்டிருக்கிறேன் அண்ணா, உனக்குப் படிக்க வரும். தவறு உன்னுடையது என்று நம்பிக்கொண்டிருந்தபோதுகூட அவள் அதைத்தான் சொன்னாள், அது உனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அந்த இடத்தில் வேறு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் எழுதாதே, நேர்ல வந்தா நான் பேசிக்கிறேன்" என்றாள். அப்பாவிடம் போய் இப்போதே சொல்லிவிடலாம், விளக்கு வைக்கும் வரைக்கும் தள்ளிப்போட்டால் எனக்குத் தைரியம் போய்விடும் என்கிறாள். நீயும் கூட வா, படி கண்ணுக்குத் தெரியாது, எனக்குச் சொல்லவும் சரியாக வராது என்கிறாள். எனக்கு மட்டும் வருமா. அப்பா மணல் தொட்டிப் பக்கம் கவிழ்த்த சட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறார், நாளைக்கு எந்தப் பக்கத்திலிருந்து உடைப்பது என்று பார்க்கிறார் போலிருக்கிறது. அதனால் அவசரமாக முடிக்கிறேன்.

அம்மா எழுந்து நின்றுகொண்டு சொல்கிறாள்: மாதா உன் தலைமாட்டிலேயே இருக்கட்டும். நீ எங்கே குச்சி ஊன்றினாலும் வேர் விடட்டும். வேலை செய்கிற இடத்தில் உன்னைச் சுற்றி நல்ல மனிதர்கள் இருக்கட்டும். அனுப்பிய கம்பளிக் காலுறையைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் போட்டுக்கொள். டிசம்பரில் வருவதை மாற்றாதே, அப்பா சொன்னார் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதே. பெயரை மட்டும் தானே எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டாள், எழுத்து மேலே ஏறிப் போயிருக்கும், பரவாயில்லை.

உன் அம்மா
மிரெல்லா

அவள் சொல்ல எழுதியது, உன் தங்கை
இலேனியா

கீழே இடம் இருப்பதால் இதையும் எழுதுகிறேன். அம்மா தொடங்கினாள், பாதியில் அழுதாள், மீதியை நான் சொன்னேன். அப்பா எல்லாம் கேட்டு முடித்து, மண்ணைப் பார்த்துக்கொண்டே, "தண்ணி வேகமா ஓடுதுன்னு நானும்தானே சந்தோஷப்பட்டேன், மிரெல்லா" என்றார். பொக்லைன் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மாவின் கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டு படி பார்த்து மெல்ல வீட்டுக்குக் கூட்டிப் போனார். நான் அங்கேயே நின்றேன். ஜூனில் தண்ணீரை நிறுத்தியதிலிருந்து தொட்டியில் மணல் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. வெளியே போகிற குழாயைக் குளத்தின் பக்கம் திருப்பிவிட்டு, மேல் குழாயைக் கொஞ்சமாக, நூல் மாதிரி தண்ணீர் விழும் அளவுக்கு, திறந்துவிட்டேன்.